பல் டாக்டர் வாங்கிய எண்ணெய்க் கிணறு

"ஒரு கிணறு வாங்கலாமா?" என்று கேட்டார் என் கணவர்.

"எதுக்கு? குழாய்ல தண்ணி நல்லாத்தானே வருது?"

"தண்ணிக் கிணறு இல்ல. எண்ணெய்க் கிணறு."

"எந்த எண்ணெய்? சமைக்கிறதா, தலைக்குத் தேய்க்கிறதா?"

"பெட்ரோல் டீசல் எல்லாம் எடுப்பாங்களே, அந்த எண்ணெய்."

"வண்டிக்குப் பெட்ரோல் வேணும்னா பங்க்ல போய்ப் போட்டுக்கலாமே. கிணறே வாங்கணுமா?"

"சிரிக்காத. இது பழைய கிணறு. யாரோ தோண்டி, கொஞ்ச காலம் எடுத்துட்டு, எண்ணெய் விலை இறங்கினப்போ மூடிட்டுப் போயிட்டாங்க. உள்ள இன்னும் சரக்கு இருக்கு. சுத்தம் பண்ணித் திறந்தாப் போதும். புதுசா தோண்டுற செலவுல ஒரு ஓரம்கூட ஆகாது."

"முழுக் கிணறும் நமக்கா?"

"ஒரு பங்கு."

"கிணத்துல ஒரு பங்குன்னா? வட்டத்துல நம்ம பக்கம் எதுன்னு எப்படித் தெரியும்?"

அவர் கண்களில், புது சைக்கிளைப் பார்த்த சிறுவனுக்கு வருகிற ஒரு பளபளப்பு. அந்தப் பளபளப்பு வந்துவிட்டால் பிறகு அவரோடு வாதாடுவது வீண்.

அந்தப் பேச்சு எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கக் காரணம் உண்டு. அன்று கேட்பதற்கென்று நானும் ஒன்றைத் தயாராக வைத்திருந்தேன். பிள்ளைகள் இருவரும் விடுதிக்குத் திரும்பியிருந்தார்கள். மாமியார் தொலைக்காட்சித் தொடரில் மூழ்கியிருந்தார். வங்கியில் போட்டிருந்த வைப்புத் தொகை முதிர்ந்திருந்தது. கணவர் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருந்தார். இதைவிடத் தோதான நேரம் வராது என்று நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கிணற்றைத் திறந்துவிட்டார்.

நான் கேட்க நினைத்தது ஒரு நாற்காலி.

சாய்ந்து படுக்கிற மாதிரி, தலைக்கு மேலே விளக்கும் பக்கத்தில் துப்புவதற்குக் கிண்ணமும் வைத்த நாற்காலி. எங்கள் கிளினிக்கில் அப்படி ஒன்றுதான் இருக்கிறது. அதில் நோயாளி படுப்பார், பக்கத்தில் என் கணவர் உட்காருவார். வெளியே வரவேற்பு மேசைக்குப் பின்னால் நான். வருகிறவர்கள் என்னை 'டாக்டரம்மா' என்பார்கள். டாக்டரின் மனைவி என்பதால் அப்படிக் கூப்பிடுகிறார்கள். நானும் டாக்டர்தான் என்பது அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது.

நானும் அவரும் ஒரே வகுப்பு. பல் பிடுங்குவதில் எங்கள் வகுப்பிலேயே என் கைதான் லேசான கை என்று பேராசிரியர்கள் சொல்வார்கள். அந்தக் காலத்தில் அவரை 'டேய்' என்று கூப்பிட்டவள் நான். கல்யாணத்துக்கு மறுநாள் மாமியார் பார்த்த ஒரே பார்வையில் 'டேய்' 'ஏங்க'வாக மாறிவிட்டது. பெரியவள் பிறந்தபோது கொஞ்ச காலம் வீட்டில் இருக்கலாம் என்று நினைத்தேன். சின்னவன் பிறந்தபோது அந்தக் கொஞ்ச காலம் நீண்டது. பிறகு வரவேற்பில் இருந்த பெண் வேலையை விட்டுப் போக, "வேற ஆள் கிடைக்கிற வரைக்கும் நீ உக்காரேன்" என்றார் கணவர். ஆள் இன்னும் கிடைக்கவில்லை. யாரும் தேடவும் இல்லை.

கிளினிக்கின் பின் அறை காலி. காலி என்றால், அட்டைப் பெட்டிகள், ஓடாத மின்விசிறி, சின்னவனின் மூன்று சக்கர சைக்கிள், மருந்துக் கம்பெனிகள் கொடுத்த பழைய காலண்டர்கள். ஆனால் நல்ல ஜன்னல். தண்ணீர்க் குழாயும் இருக்கிறது. பெருக்குகிற சாக்கில் அங்கே போய் நின்று, நாற்காலியை எந்தப் பக்கம் பார்க்கப் போட்டால் காலை வெளிச்சம் நோயாளியின் கண்ணில் படாது என்று யோசிப்பேன். யோசித்துவிட்டு, பெருக்காமலே திரும்பி வந்துவிடுவேன்.

கேட்டால் அவர் மறுக்க மாட்டார். அதுதான் சங்கடமே. "அட, முன்னாடியே சொல்லியிருக்கலாமே!" என்பார். அதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமலேயே வருடங்கள் ஓடிவிட்டன. இன்னொரு பயமும் இருந்தது. நாற்காலி வந்து, நோயாளியும் வந்து படுத்த பிறகு என் கை எல்லாவற்றையும் மறந்திருந்தால்?

கிணற்றை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தவர் குழாய்க்காரர். கீழ்த்தாடையில், இடது பக்கக் கடைவாய்ப்பல்லில் ஓட்டையோடு வந்தார். பழைய எண்ணெய்க் கிணறுகளைக் குத்தகைக்கு எடுத்து, துருப்பிடித்த குழாய்களை உருவி, உள்ளே அடைத்திருப்பதைச் சுரண்டிச் சுத்தம் செய்து, மறுபடியும் ஓடவைப்பது அவர் தொழில். செலவுக்குப் பங்குதாரர்களைச் சேர்த்துக்கொள்வார்.

இதைக் கேட்டதும் என் கணவர் கையிலிருந்த, பல் பார்க்கும் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டார். வரவேற்பு மேசைக்கு எல்லாம் காதில் விழும்.

"என்ன சார் இது, நான் பண்ற ரூட் கெனால்தானே நீங்களும் பண்றீங்க!"

"அப்படியும் சொல்லலாம் டாக்டர்."

"மேல மூடி போட்டுட்டாங்க. உள்ள நரம்பு உயிரோட இருக்கு. அதானே?"

"நரம்புன்னு இல்ல. அழுத்தம்."

"அதேதான்! அழுத்தம் இருந்தா வலிக்கும். வலிச்சா உயிர் இருக்குன்னு அர்த்தம். பிடுங்கிப் போடுறவன் எல்லாம் என்ன டாக்டர்? காப்பாத்தணும் சார், காப்பாத்தணும்!"

குழாய்க்காரரின் பல்லையும் காப்பாற்ற வேண்டியிருந்தது. சில தடவை வந்துபோனால் முடிகிற வேலை. ஆனால் அவர் வந்தால் பாதி நேரம் கிணற்றைப் பற்றிய பேச்சிலேயே போய்விடும். "மிச்சத்தை அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று பஞ்சு வைத்து, தற்காலிகமாக அடைத்து அனுப்பிவிடுவார் கணவர். நானும் அடுத்த தேதியை எழுதிக் கொடுப்பேன். அடுத்த தடவையும் பஞ்சு, அடைப்பு, கிணறு.

என் கணவருக்கு ஒரு பழக்கம் உண்டு. நோயாளி வாயைத் திறந்தபடி கிடக்கும்போதுதான் அவருக்குப் பேச்சு வரும். பேசுவதோடு நிற்காமல் கேள்வியும் கேட்பார். நோயாளி "ஆ" என்பார். அதைப் பதிலாக எடுத்துக்கொள்வார். இத்தனை காலம் அது வானிலை, கிரிக்கெட் என்று யாருக்கும் கெடுதல் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. இப்போது கிணறு வந்துவிட்டது.

முதலில் மாட்டியவர் தையல்காரர். நூலைக் கடித்துக் கடித்து முன்பல்லில் பள்ளம் விழுந்து வந்திருந்தார்.

"பழைய கிணறுன்னா கேவலமா நினைக்கக் கூடாது. என்ன சொல்றீங்க?"

"ஆ."

"அதான். உங்களுக்கும் ஒரு சின்னப் பங்கு சொல்லி வெக்கட்டுமா?"

"ஆ… ஆஆஆ!"

"அடடா, இவ்வளவு ஆர்வமா இருப்பீங்கன்னு தெரியாமப் போச்சே!"

பாதி உதடு மரத்துப்போன நிலையில் தையல்காரர் வெளியே வந்து என் மேசைமேல் சாய்ந்தார். "டாக்டரம்மா, நான் உள்ள ஏதோ வாங்கிட்டேன் போலிருக்கே?"

"வேண்டாம்னா தைரியமாச் சொல்லிடுங்க. அவர் தப்பா நினைக்க மாட்டார்."

"எப்படிங்க சொல்றது? அடுத்த வாரம் மறுபடியும் ஊசி போடப்போறது அவர்தானே?"

கணக்கு டீச்சரை யாரும் இழுக்க வேண்டியிருக்கவில்லை. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறவர் அவர். அதற்காகப் பல்லுறை செய்ய வந்தவர், காத்திருக்கும் நேரத்தில் எல்லாவற்றையும் கேட்டு, கூட்டிப் பெருக்கி, தானாகவே ஒரு பங்கு எடுத்துக்கொண்டார். கடைசியில் என் மாமியாரும் வந்து நின்றார்.

"எனக்கும் ஒண்ணு எழுதுடா."

"உங்களுக்கு எதுக்கு அத்தை இதெல்லாம்?" என்றேன் நான்.

"ஏன், நான் எதுவும் வாங்கக் கூடாதா? நீங்க ரெண்டு பேரும் காலையில போனா சாயங்காலம் வர்றீங்க. எனக்குன்னு ஒண்ணு எங்கேயாவது ஓடிக்கிட்டிருக்கட்டுமே."

வைப்புத் தொகையில் பாதிக்கு மேல் போயிற்று. மிச்சம் இருப்பதில் ஒரு நாற்காலி வாங்கலாம் என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன். கேட்கவில்லை. கிணறு ஓட ஆரம்பிக்கட்டும், சந்தோஷமாக இருக்கும்போது கேட்கலாம் என்று தள்ளிப் போட்டேன். தள்ளிப்போடுவதில் எனக்கு நல்ல அனுபவம்.

அடுத்த மாதங்களில் என் கணவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் கிணற்றுக்குப் போய்விட்டு வந்தார். அது ஊருக்கு வெளியே, வெகு தூரத்தில். திரும்பும்போது கண்ணாடிக் குப்பியில் ஏதாவது கொண்டுவருவார். ஒருநாள் குழாயின் உட்புறத்திலிருந்து சுரண்டிய மஞ்சள் வில்லை. "காரை பாரு, காரை! பல்லுல படியுதே, அதே மாதிரி. அதனாலதான் மூச்சடைச்சுக் கிடந்திருக்கு, பாவம்." அதைக் கொண்டுபோய்க் கிளினிக் அலமாரியில், பிடுங்கிய பற்களின் பக்கத்தில் வைத்தார். கிணற்றைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் குழைந்தது. பெரியவளுக்கு அம்மை போட்டபோதுகூட அப்படிக் குழைந்ததாக எனக்கு நினைவில்லை.

கிணற்றைத் திறக்கும் நாளன்று ஒரு வேன் பிடித்துக்கொண்டு எல்லாரும் போனோம். என் கணவர் சலவை செய்த வெள்ளைக் கோட்டு அணிந்திருந்தார்.

"இதை எதுக்குங்க போட்டுக்கிட்டு?"

"சிகிச்சை முடியுற நாள். டாக்டர் டாக்டர் மாதிரி இருக்க வேண்டாமா?"

கிணறு என்றால் நாங்கள் எதையோ கற்பனை செய்திருந்தோம். கம்பி வேலிக்குள், சரளைக் கல் கொட்டிய தரையில், இடுப்பளவு உயரத்தில் ஒரு இரும்புக் குழாய் நின்றது. அதில் மேலும் கீழுமாகத் திருகுசக்கரங்கள். ஒரு அழுத்தமானி. அங்கிருந்து ஓடிய குழாய் ஒரு தொட்டியில் போய்ச் சேர்ந்தது. தள்ளி, தகரக் கூரை போட்ட ஒரு சிறிய அறை. அவ்வளவுதான்.

"இதுவா?" என்றார் மாமியார். "இதுக்கா இவ்வளவு பேச்சு?"

குழாய்க்காரர் சக்கரத்தைத் திருகினார். முதலில் ஒரு சீறல். பிறகு குழாய் நடுங்கியது. பிறகு தொட்டிக்குள் மடமடவென்று ஏதோ விழுகிற சத்தம். மாதிரி பார்க்க வைத்திருந்த சின்னக் குழாயைத் திறந்து வாளியில் பிடித்தார். கருப்பும் பழுப்புமாக, நுரைத்துக்கொண்டு வந்தது. என் கணவர் முழங்கை வரை கையை விட்டு அளைந்தார். பிறகு அதே கையால் தையல்காரரைக் கட்டிப்பிடித்தார். தையல்காரர் அன்றைக்கு அணிந்திருந்தது, அவரே தைத்த புதுச் சட்டை.

"தம்பி, இதைத் தலைக்குத் தேய்க்கலாமா?" என்று குழாய்க்காரரிடம் கேட்டார் மாமியார்.

"வேண்டாம்மா. முடி கொட்டிரும்."

"கொட்டுறதுக்கு என்ன இருக்கு? வளருமான்னுதான் கேக்குறேன்."

குழாய்க்காரர் நேர்மையான மனிதர். எல்லாரும் குதித்துக்கொண்டிருந்தபோது அவர் மட்டும் என் கணவரைத் தனியாக அழைத்தார். "டாக்டர், இப்பவே சொல்லிடுறேன். ரொம்பக் காலம் மூடிக் கிடந்த கிணறு. உள்ள சேர்ந்த அழுத்தம் முதல்ல இப்படித்தான் வேகமாத் தள்ளும். இதை வெச்சுக் கணக்குப் போட்றாதீங்க. கொஞ்ச நாள்ல அடங்கும். அதுக்கப்புறம் என்ன வருதோ அதுதான் நெஜம்."

"புரியுது, புரியுது" என்றார் கணவர். அவருக்கு ஒன்றும் புரியவில்லை என்பது அந்த இரண்டாவது 'புரியுது'விலேயே எனக்குத் தெரிந்தது. வேனில் திரும்பும்போது பக்கத்தில் இன்னொரு மூடிய கிணறு இருப்பதாகப் பேச்சை எடுத்தார். கணக்கு டீச்சர் அன்று வந்த வேகத்தை வைத்து வருடத்துக்கு எவ்வளவு என்று ஏற்கெனவே போட்டு முடித்திருந்தார். சந்தோஷமாக இருக்கும்போது கேட்கலாம் என்று இருந்த நான், இவ்வளவு சந்தோஷத்தில் எங்கே புகுந்து கேட்பது என்று தெரியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கிணறு அடங்கியது. முதலில் வேகம் குறைந்தது. பிறகு எண்ணெயோடு தண்ணீர் வந்தது. பிறகு தண்ணீரோடு எண்ணெய் வந்தது. அதுவும் உப்புத் தண்ணீர். எண்ணெய்க் கிணறு என்று ஆரம்பித்த கதை, கடைசியில் நான் முதலில் கேட்ட தண்ணிக் கிணற்றிலேயே வந்து நின்றது.

கிளினிக்கில் நிலைமை தலைகீழானது. இப்போது நோயாளிகள் பேச விரும்பினார்கள்.

"டாக்டர், நம்ம கிணறு எப்படி…"

"வாயைத் திறங்க. இன்னும் பெரிசா. இன்னும். அப்படியே வெச்சுக்கங்க, மூடிடாதீங்க."

ஒரு வலியும் இல்லாத கணக்கு டீச்சர் விசாரிப்பதற்காக மட்டும் வந்தார். கணவர் அவருக்குப் பற்காரையைச் சுரண்டி அனுப்பிவிட்டார். அவர் மறுபடியும் வந்தார், இவர் மறுபடியும் சுரண்டினார். அந்த ஊரிலேயே அவ்வளவு சுத்தமான பற்கள் யாருக்கும் இருந்திருக்காது. வீட்டில் மாமியாரின் வாயை அப்படி அடக்க முடியவில்லை. அவர் பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டும் பேசக்கூடியவர்.

குழாய்க்காரரும் வருவதை நிறுத்தியிருந்தார். கிணற்றை விட்டு நகர முடியவில்லையாம். நான் இரண்டு மூன்று தடவை போன் செய்தேன். "அந்தப் பல்லு பாதியில நிக்குது. தற்காலிக அடைப்பு ரொம்ப நாள் தாங்காது, வந்துட்டுப் போங்க." "வர்றேம்மா, வர்றேம்மா" என்பார்.

கடைசியில் தையல்காரர் கூட்டம் போட்டார். எல்லாரும் கிணற்றடியில் கூடி, குழாய்க்காரர் முகத்தைப் பார்த்து நேராகக் கேட்டுவிடுவது என்று முடிவு. நாங்கள் வேனில் போய் இறங்கியபோது, முன்னதாகவே காரில் வந்துவிட்ட என் கணவர் மாதிரிக் குழாயின் முன்னால் மண்டியிட்டிருந்தார். இரண்டு கைகளும் முழங்கைக்கு மேல் வரை கன்னங்கரேல் என்று இருந்தன.

"அடைப்பு இங்கதான் இருக்கும்னு தோணிச்சு" என்றார் அசடு வழிய.

தகர அறையிலிருந்து குழாய்க்காரர் வந்தார். கன்னத்தைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தார். துண்டுக்கு வெளியிலும் கன்னம் தெரிந்தது. அவ்வளவு வீக்கம்.

"சொல்லுங்க சார். எங்க பணம் என்ன ஆச்சு?" என்று ஆரம்பித்தார் தையல்காரர்.

"ம்ம்ம்."

"கிணறு இருக்கா, செத்துப்போச்சா?" இது கணக்கு டீச்சர்.

"ம்ம்… ம்."

"நல்ல நேரம் பார்த்து வீங்கியிருக்கு பாருங்க! வாயைத் திறந்து பேசச் சொல்லுங்க டாக்டர்!" என்று கத்தினார் தையல்காரர்.

நான் அந்தக் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே, இடது பக்கம், கடைவாய். எங்கள் பஞ்சு, எங்கள் அடைப்பு. உள்ளே சீழ் கோத்து, வெளியே வர வழியில்லாமல் முட்டிக்கொண்டிருக்கிறது. திரும்பிக் கணவரைப் பார்த்தேன். அவரும் அதையேதான் கண்டுபிடித்திருந்தார், முகம் சுண்டிப்போயிருந்தது. தரையை நோக்கியே சொன்னார்: "கிணத்தைப் பத்திப் பேசிப் பேசியே… பல்லை முடிக்காம விட்டுட்டேன்."

"அதை அப்புறம் பேசலாம். கார்ல அவசரப் பெட்டி இருக்கில்ல? கையைக் கழுவிட்டு வாங்க."

அவர் கழுவினார். சோப்புப் போட்டுக் கழுவினார். டீசல் ஊற்றித் துடைத்துவிட்டு மறுபடி சோப்புப் போட்டார். வரவேண்டிய இடத்தில் வராத எண்ணெய், போகவேண்டிய இடத்திலிருந்து போகவும் மறுத்தது. நகக்கண்ணெல்லாம் கருப்பு, கிட்டே நின்றால் மூக்கைத் துளைக்கும் நாற்றம். அந்தக் கையை யார் வாயிலும் வைக்க முடியாது. நகரத்துக்குத் திரும்ப வெகு நேரமாகும். குழாய்க்காரர் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"நான் பார்க்கிறேன்" என்றேன்.

தையல்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "டாக்டரம்மா… நீங்க தேதி எழுதிக் குடுக்குறவங்க இல்லையா?"

"அவளும் டாக்டர்தான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. என் மாமியார். "படிப்புல என் பையனைவிட ஒசத்தி. சும்மா நிக்காம அந்தத் தகர ரூம் ஜன்னலைத் திறந்து விடுங்க."

இத்தனை வருடங்களில் அந்த வாக்கியத்தை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. அவருக்கு அது தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

தகர அறையில் ஒரு பழைய அலுவலக நாற்காலி இருந்தது. அதைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, துண்டைச் சுருட்டித் தலைக்கு அண்டை கொடுத்தேன். மாமியார் கைபேசி வெளிச்சத்தைப் பிடித்தார். நான் கையுறை போட்டுக்கொண்டேன். உறை பிரித்துக் கருவியைக் கையில் எடுத்தேன். எடுத்தவுடன் விரல்கள் தாமாகவே தங்கள் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டன. ஒரு விரல் தாடையில் ஊன்றியது. மணிக்கட்டு தளர்ந்தது. கை எதையும் மறக்கவில்லை. நான்தான் அதைக் கேட்டுப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

வாசலில் என் கணவர் இரண்டு கருப்புக் கைகளையும் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நின்றார். "லேசா… லேசா. இடது பக்கமாச் சாய்ச்சு. ரொம்ப அழுத்தாத. அந்த ஓரத்துல…"

"பேசாம இருடா!"

மாமியார் கையிலிருந்த வெளிச்சம் ஒருமுறை கூரைக்குப் போய்த் திரும்பி வந்தது.

"அதானே" என்றார் மாமியார். "பேசாம இரேன்டா. அவ வேலையைப் பார்க்கட்டும்."

பழைய அடைப்பின் ஓரத்தில் முனையைக் கொடுத்து நெம்பினேன். நகரவில்லை. கொஞ்சம் தள்ளி மறுபடியும். சின்னதாக ஒரு சில்லு எழும்பியது. அதன் பின்னாலேயே உள்ளே அடைந்திருந்ததெல்லாம் குபுக்கென்று வந்தது. நாற்றம் தாங்காமல் கணக்கு டீச்சர் வெளியே போய்விட்டார். நான் துடைத்து, மருந்துத் தண்ணீர் பீய்ச்சி, மெல்லிய ஊசியால் வேரின் வழியைக் கையாலேயே திறந்து, மறுபடி பீய்ச்சினேன். குழாய்க்காரரின் தோள்கள் மெல்ல மெல்ல இறங்கின. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"அப்பாடா!" என்றார். அன்று அவர் பேசிய முதல் சொல் அதுதான்.

கையுறையைக் கழற்றினேன். பெட்டியை மூடி, திறந்து, மறுபடி மூடினேன்.

"ஊருக்கு வந்ததும் முழுசா முடிச்சுக்கணும். இந்தத் தடவை தப்பிக்க முடியாது" என்றேன்.

"வந்துடுறேன் டாக்டர்" என்றார் குழாய்க்காரர். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். 'டாக்டரம்மா' இல்லை.

கொஞ்சம் வாய் கொப்பளித்துவிட்டு, அவர் எல்லாரையும் உள்ளே அழைத்தார்.

"கிணறு சாகல. எண்ணெய் வரும், கொஞ்சமா, தண்ணியோட சேர்ந்து. ஒரு பம்பு வெச்சு இழுத்துப் பிரிச்சு வித்தா, நீங்க போட்டது மெதுவாத் திரும்பி வரும். பணக்காரங்க ஆக மாட்டீங்க. தெருவுக்கும் வர மாட்டீங்க. இதை நான் திறந்த அன்னிக்கே சொன்னேன்."

எல்லாரும் என் கணவரைப் பார்த்தார்கள். அவர் கைகளை இன்னும் கீழே இறக்கவில்லை.

"இன்னொரு வழியும் இருக்கு. இப்ப எடுக்குற இடத்துக்கு மேல, எண்ணெய் இருக்கக்கூடிய இன்னொரு பாறை அடுக்கு இருக்கு. இதுக்கு முன்னால யாரும் தொடல. அந்த இடத்துல குழாயில துளை போட்டுப் பார்க்கலாம். வந்தாலும் வரும், வராமலும் போகும். ஆனா அதுக்கு எல்லாரும் மறுபடி பணம் போடணும். விருப்பம் இருந்தா மட்டும்தான். நான் வற்புறுத்த மாட்டேன்."

தையல்காரர் எழுந்து நின்றார். "இப்ப என் வாய் மூடியிருக்கு. மரத்தும் போகல. அதனால தெளிவாச் சொல்றேன், எல்லாரும் கேட்டுக்கங்க. எனக்கு வேண்டாம். பம்பு போதும்."

"நான் போட்டுப் பார்த்துச் சொல்றேன்" என்று கணக்கு டீச்சர் கைபேசியில் எண்களைத் தட்ட ஆரம்பித்தார்.

என் கணவர் முகத்தில் மெதுவாக அந்தப் பழைய பளபளப்பு ஏறியது. "மேல் அடுக்கு! யாருமே தொடாத அடுக்கு! நான் சொன்னேன்ல, எதையும் அவசரப்பட்டுப் பிடுங்கிடக் கூடாதுன்னு." என் பக்கம் திரும்பினார். "அந்த வைப்புத் தொகையில மிச்சம் இருக்கில்ல? அதைப் போட்டுப் பார்க்கலாமா? நீ என்ன சொல்ற?"

அவர் எதையும் என்னைக் கேட்காமல் செய்ததில்லை. அதையும் சொல்லியாக வேண்டும். வீடு மாற்றும்போது கேட்டார். கார் வாங்கும்போது கேட்டார். கிணற்றுக்கும் கேட்டார். ஒவ்வொரு தடவையும் நான் "உங்க இஷ்டம்" என்று சொல்லியிருக்கிறேன். இப்போதும் அந்தச் சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. குழாய்க்காரர் கன்னத்தைத் தடவியபடி பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் கைபேசி விளக்கை அணைக்கத் தெரியாமல் என் முகத்தின் மேலேயே அடித்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பணம் எனக்கு வேணும்" என்றேன்.

"உனக்கா? எதுக்கு?"

"கிளினிக்ல அந்தப் பின் ரூமைக் காலி பண்ணிக் குடுங்க. அங்க எனக்குன்னு ஒரு நாற்காலி போடணும். இனிமே நானும் பல்லு பார்க்கணும்ங்க."